மலைவீதியும் சில்லின் பிடியும்

ஏப்ரலில் நுவரெலியா வசந்தகாலக் கொண்டாட்டம் களைகட்டும்போது மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டமும் கூடவே வரும். 1934இல் முதன்முதலாக நடந்த போட்டி. சிலோன் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்துவது. தேயிலைக்கு நடுவே வளைந்து ஏறும் வீதியில் ஒவ்வொரு வாகனமாக விட்டு நேரம் குறிப்பார்கள். ரதெல்லவிலும் இப்படி ஓர் ஓட்டம் உண்டு. ஆரம்ப காலத்தில் ஓட்டியவர்களில் தோட்டத் துரைமாரும் இருந்தார்கள். இன்று வருகிற கார்களைப் பார்க்க வீதியோரம் நெடுகச் சனம் நிற்கும். தரையை ஒட்டித் தாழ்ந்து, வளைவில் துளியும் சாயாமல், சில்லு நான்கும் ஒட்டிக்கொண்டது போல அவை ஏறிப் போவதைப் பார்த்த இளைஞன், தன் ஒல்டோவையும் வேகன் ஆரையும் அப்படி ஆக்க ஆசைப்படுவது இயல்பு. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா கராஜ்களில் ஸ்பிரிங் வெட்டிக் கொடுக்கச் சொல்லி நிற்பவர்கள் இவர்கள்தான். இதற்கு நேர் எதிராக, தோட்ட வீதியில் வயிறு இடிக்கிறது என்று காரைத் தூக்கிக் கட்டச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. நாலு பேரை ஏற்றினால் பின்பக்கம் குந்திவிடுகிறது, இன்னொரு ஸ்பிரிங் பட்டை போட்டுக் கொடுங்கள் என்று வானோடு வருபவர் மூன்றாமவர். மூவரும் கேட்பது ஒன்றுதான்: மலைப் பாதையில் வாகனம் சொன்னபடி கேட்க வேண்டும்.

மூவருக்கும் பெரும்பாலும் தவறான வைத்தியமே கிடைக்கிறது என்பது என் எண்ணம். நம் வீதிகளுக்குத் தாழ்ந்த, இறுகிய வாகனம் பொருந்தாது. தூக்கிக் கட்டிய வாகனமும் பொருந்தாது. சில்லு மேலும் கீழும் போய்வரத் தாராளமான இடம், அதை அடக்கிப் பிடிக்கும் ஷொக், ஆட்டமில்லாத மூட்டுகள், நல்ல டயர் ஆகியவையே நமக்கு வேண்டியவை. பந்தயக்காரர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் ஓடுவது எதிரே வாகனம் வராத, மூடிய வீதியில். ஒவ்வொரு வளைவும் அவர்களுக்கு மனப்பாடம். பின் ஆசனத்தில் யாரும் இல்லை, கூரையில் மரக்கறி மூட்டை இல்லை. ஓட்டம் சீக்கிரமே முடிந்துவிடும். அந்தச் சூழ்நிலைக்கு இறுகிய ஸ்பிரிங் சரி. டயகமவிலிருந்து அக்கரப்பத்தனை வழியாக, மழையில், இருட்டில், ஆறு பேரை ஏற்றிக்கொண்டு வருகிறவருக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை.

சஸ்பென்ஷனின் வேலை என்ன என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. உடம்பைச் சாயாமல் வைத்திருப்பதுதான் அதன் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். டயரைத் தரையோடு ஒரே சீராக அழுத்தி வைத்திருப்பதே அதன் முதல் வேலை. ஒரு சிறிய கார் தரையைத் தொடும் இடம் மொத்தமே நான்கு உள்ளங்கை அளவு. திரும்புவதும் நிற்பதும் அந்த நாலு இடத்தால்தான். அவற்றின் மீதுள்ள பாரம் ஏறி இறங்கித் துள்ளினால் பிடி போகும். சீராக இருந்தால் பிடி நிற்கும். உள்ளே இருப்பவர் உணரும் சாய்வு வேறு, டயர் உணரும் பாரம் வேறு. சாய்வு குறைந்ததும் பிடி கூடிவிட்டதாக நினைக்கும் சாரதி அடுத்த வளைவை இன்னும் கொஞ்சம் வேகமாக எடுக்கிறார். ஆபத்து அங்கேதான்.

ஒரு கணக்குப் போட்டால் விளங்கும். கினிகத்தேனைக்கு மேலேயோ ரம்பொடையிலோ உள்ள ஊசி வளைவு ஒன்றை, 15 மீற்றர் ஆரம் என்று வைத்துக்கொள்வோம். அதை மணிக்கு 30 கிலோமீற்றரில் திரும்பினால், வாகனத்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசை அதன் எடையில் ஏறக்குறைய 47 சதவீதம். அதே வளைவை 40இல் எடுத்தால் 84 சதவீதம். பத்துக் கிலோமீற்றர்தான் கூடியது. தள்ளும் விசையோ இரண்டு மடங்கை நெருங்கிவிட்டது. காய்ந்த தாரில் நல்ல டயர் மட்டுமே 84 சதவீதத்தைத் தாங்கும். ஈரத்தில் எந்த நல்ல டயரும் தாங்காது. தேய்ந்த டயரைப் பற்றிப் பேச்சே இல்லை. எந்த ஷொக்கும் எந்த ஸ்பிரிங்கும் இந்தக் கணக்கை மாற்றாது.

இப்போது அதே 30 கிலோமீற்றர் வேகத்தில் 1,000 கிலோ எடையுள்ள கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாரமையம் தரையிலிருந்து 55 சென்ரிமீற்றர் உயரத்தில், இரு பக்கச் சில்லுகளுக்கும் இடையில் 1.4 மீற்றர். வளைவில் உள்பக்கச் சில்லுகளிலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் பாரம் சுமார் 185 கிலோ. நேராகப் போகும்போது இரு பக்கமும் 500, 500 கிலோ. வளைவில் அது 315, 685 ஆகிறது. ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் இந்த 185 அநேகமாக அப்படியே இருக்கும். ஏனென்றால் அதைத் தீர்மானிப்பவை பாரமையத்தின் உயரமும் சில்லுகளின் அகலமும்தான். காரை 3 சென்ரிமீற்றர் தாழ்த்தினால் என்ன ஆகும்? 185 கிலோ 175 ஆகும். பத்துக் கிலோ லாபம். அதற்குக் கொடுக்கும் விலை, சில்லு மேலே ஏறுவதற்கு இருந்த ஏழெட்டுச் சென்ரிமீற்றரில் மூன்று போய்விடுவது. பந்தயப் பாதையில் இது நல்ல வியாபாரம். பள்ளமும் வளைவும் ஒரே இடத்தில் இருக்கும் நம் வீதியில் இது நட்டம். வளைவின் நடுவில் வெளிப்பக்கச் சில்லு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது, மிச்சமுள்ள இடமும் தீர்ந்து இரப்பர் முட்டில் இடிக்கிறது. அந்தக் கணத்தில் சஸ்பென்ஷன் என்ற ஒன்றே இல்லை. டயர் துள்ளி வழுக்கும்.

வெட்டிய ஸ்பிரிங் இதைவிட மோசம். எட்டுச் சுற்று ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் அது ஏறத்தாழ 14 சதவீதம் இறுகுகிறது. சில்லு மேலே ஏறும் இடமோ அதைவிட அதிக விகிதத்தில் குறைகிறது. குறைந்த இடத்தை ஈடுகட்டும் இறுக்கம் அதில் இல்லை. வெட்டிய முனை இருக்கையில் சரியாக உட்காராது. சில்லு தொங்கும்போது ஸ்பிரிங் கழன்று நகரவும் வாய்ப்பு உண்டு. அதோடு, இன்றைய சிறிய கார்களில் அநேகமாக எல்லாவற்றிலும் முன்பக்கம் இருப்பது மெக்பர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்பர்சன் வடிவமைத்து, 1950இல் ஃபோர்டு கொன்சல் காரில் வந்த அமைப்பு. மலிவு, எளிது, எஞ்சினுக்கு இடம் விடும். ஆனால் அதைத் தாழ்த்தும்போது, சில்லைச் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கை வெளிப்புறம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். கார் சாயும்போது எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, பாரமையம் இறங்குவதைவிட வேகமாகக் கீழே போய்விடும். விளைவு, தாழ்த்திய கார் சாய முன்பைவிட அதிகம் துடிக்கிறது. அதை அடக்க இன்னும் இறுக்க வேண்டும். இறுக்கினால் துள்ளும். ஸ்டியரிங் கம்பியின் கோணமும் மாறுவதால், பள்ளத்தில் விழும்போது சில்லு தானாகவே கொஞ்சம் திரும்பும். சாரதி திருப்பாமலே கார் பக்கம் மாறும். கவனமாகச் செய்கிறவர்கள் இதற்கென்று வேறு போல் ஜொயின்ட், வேறு கை எல்லாம் போடுகிறார்கள். ஹெக்ஸோ பிளேட்டால் ஸ்பிரிங் வெட்டுகிறவர் அதையெல்லாம் செய்வதில்லை.

தூக்கிக் கட்டுகிறவர்கள் மீது எனக்கு அனுதாபம் அதிகம். டொயோட்டா அக்வாவின் அடி தரையிலிருந்து 140 மில்லிமீற்றர்தான். அது ஜப்பானிய நகரத்துக்குச் செய்த கார். லயத்துக்கு ஏறும் கொங்கிரீட் பாதையின் நடு மேடும், வீதியைக் குறுக்கே வெட்டும் கானும் அதற்குத் தெரியாது. எனவே ஸ்ட்ரட்டின் தலையில் ஸ்பேசர் ஒன்றை வைத்துத் தூக்குகிறார்கள். 3 சென்ரிமீற்றர் தூக்கினால் வளைவில் மாறும் பாரம் பத்துக் கிலோ கூடும். அது பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம், சில்லு முழுவதும் தொங்கும் நிலையில் அச்சு மூட்டுகள் தாங்கக்கூடிய கோணத்தைத் தாண்டுவதும், அலைன்மென்ட் குலைவதும்தான். கொஞ்சம் உயரமான, அந்தக் காரின் எடைக்கென்றே செய்த ஸ்பிரிங்கோடு 15, 20 மில்லிமீற்றர் தூக்கி, உடனே அலைன்மென்ட் பார்த்தால் தோட்டத்தில் வசிப்பவருக்கு அது நியாயமான மாற்றம். அதற்கு மேல் தூக்க வேண்டிய நிலை வந்தால் கார் மாற்ற வேண்டும், அல்லது வீதி மாற வேண்டும். வீதியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பழைய கார்களில் இதற்கு நல்ல பாடங்கள் இருக்கின்றன. இந்த மலைகளில் நெடுங்காலம் ஓடிய மொரிஸ் மைனர் 1948இல் வந்தது. முன்னே முறுக்குக் கம்பி, பின்னே பட்டை ஸ்பிரிங். ஸ்டியரிங் துல்லியம், ஷொக்தான் பலவீனம். மைனரைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் முதலில் செய்யும் மாற்றம் பழைய நெம்புகோல் ஷொக்கை எடுத்துவிட்டுக் குழாய் வடிவ ஷொக் போடுவதுதான். ஸ்பிரிங்கைத் தொடமாட்டார்கள். 1959இல் அலெக் இசிகோனிஸ் உருவாக்கிய மினிக்கு அலெக்ஸ் மோல்டன் இரும்பு ஸ்பிரிங்கே வைக்கவில்லை. இரப்பர்க் கூம்பு வைத்தார். காரணம் சுவையானது. மினி மிக இலேசான கார். நாலு பேர் ஏறினால் அதன் எடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். சாதாரண ஸ்பிரிங் போட்டால் தனியாக ஓட்டும்போது கல்லாக இருக்கும், அல்லது நாலு பேரோடு தரை தட்டும். இரப்பரோ அழுத்த அழுத்த இறுகும். குறைந்த பாரத்தில் ஒரு விதம், கூடிய பாரத்தில் இன்னொரு விதம். மலையேற்ற ஓட்டங்களில் மினி பெற்ற பேருக்குத் தாழ்ந்த உடம்பும் மூலைக்கு மூலை வைத்த சில்லும் காரணம். ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு அதில் உள்ள பாடம் அந்த இரப்பர்தான். பாரம் மாறிக்கொண்டே இருக்கும் வாகனத்துக்குப் பாரத்தோடு இறுகும் ஸ்பிரிங் வேண்டும். லேண்ட் ரோவர் 1948இலிருந்து பட்டை ஸ்பிரிங்கோடுதான் வந்தது. 1983இல் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறியபோது கரடுமுரடான இடங்களில் அதன் பிடி குறையவில்லை, கூடியது. சில்லு நீளமாக மேலும் கீழும் போய்வர முடிந்ததே காரணம்.

இனி ஷொக். சஸ்பென்ஷனில் காசு செலவழிக்க ஒரே ஒரு பொருள்தான் என்றால் டயருக்கு அடுத்தபடி நான் சொல்வது இதைத்தான். ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும். துள்ளலை நிறுத்துவது ஷொக். ஒரு காரின் உடம்பு விநாடிக்கு ஒரு தடவை, ஒன்றரைத் தடவை மெதுவாக ஏறி இறங்கும். சில்லு மட்டும் தனியாகத் துள்ளும்போது விநாடிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. ஷொக் இரண்டையும் அடக்க வேண்டும். கராஜ்களில் பொனட்டின் மூலையை அழுத்தி விட்டு, ஒரு தடவைக்கு மேல் ஆடாவிட்டால் 'ஷொக் நல்லா இருக்கு' என்று சொல்வார்கள். அந்தச் சோதனை உடம்பின் ஆட்டத்தை மட்டுமே காட்டும். பள்ளம் நிறைந்த வளைவில் டயர் தரையை விட்டுத் துள்ளுகிறதா என்பதைக் கையால் அழுத்திப் பார்க்க முடியாது. அழுத்திப் பார்த்தால் ஆடுகிற ஷொக் கெட்டது என்பது நிச்சயம்; ஆடாத ஷொக் நல்லது என்பது நிச்சயமில்லை. டயரில் அலை அலையாகக் குழி விழுந்திருந்தால், ஷொக் குழாய் எண்ணெயில் நனைந்திருந்தால், மேடுபள்ளத்தில் பிரேக் பிடிக்கும்போது கார் பக்கவாட்டில் நழுவினால், அந்த அடையாளங்களை நம்பலாம்.

மலையில் இன்னொரு சங்கதி இருக்கிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கிருந்து நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன், கினிகத்தேனை வழியாக அவிசாவளைக்கு இறங்குவது மணிக்கணக்கில் ஓயாத குலுக்கல். ஷொக்குக்குள் எண்ணெய் சிறு துளைகள் வழியாக நெருக்கித் தள்ளப்படும்போது துள்ளலின் சக்தி சூடாக மாறுகிறது. இரட்டைக் குழாய் ஷொக்கில் எண்ணெயும் காற்றும் ஒரே இடத்தில் இருப்பதால், கரடான பாதையில் எண்ணெய் நுரைத்து அடக்கும் சக்தி பாதி வழியில் குறையும். நைதரசன் வாயு அழுத்தி நிரப்பிய வகையில் நுரை குறைவு. ஒற்றைக் குழாய் வகையில் வாயுவும் எண்ணெயும் ஒரு தடுப்பால் பிரிந்தே இருக்கும், சூடும் சீக்கிரம் வெளியேறும். மலையில் தினமும் ஓடும் வானுக்கும் காருக்கும் கம்பனி இறுக்கத்தை ஒட்டிய, வாயு நிரப்பிய ஷொக் போடுவது பிரயோசனமான மேம்பாடு. பந்தய இறுக்கம் வேண்டாம். அளவுக்கு மீறி இறுகிய ஷொக், பள்ளத்தில் இறங்கிய சில்லைத் திரும்ப நீள விடாது. அடுத்தடுத்த பள்ளங்களில் வாகனம் படிப்படியாகக் கீழே குந்திக்கொண்டே போகும்.

எந்த ஷொக் என்பதோடு எங்கிருந்து வந்த ஷொக் என்பதும் முக்கியம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் இருந்த கார்களையே ஒட்டுப்போட்டு ஓட்டினோம். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கழற்றி விற்கும் ஜப்பானிய ஷொக்கை வாங்கிப் போட்டவர்கள் ஏராளம். அவற்றில் நல்லவையும் இருக்கும். ஆனால் வெளியிலிருந்து பார்த்து உள்ளே உள்ள வால்வின் நிலையைச் சொல்ல யாராலும் முடியாது. ஷொக்கை வெட்டித் திறந்து எண்ணெய் மாற்றி ஒட்டிக் கொடுக்கும் வேலையும் நடக்கிறது. வாயு போன பிறகு அது வேறு ஷொக். ஒரு பக்க முன்சில்லில் ஒரு விதம், மறுபக்கம் இன்னொரு விதம் என்று அமைந்துவிட்டால், வலப்பக்க வளைவில் நன்றாக ஓடும் கார் இடப்பக்க வளைவில் தப்பும். மாற்றுவதென்றால் சோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

புஷ்ஷைப் பற்றி யாரும் ஆசையோடு பேசுவதில்லை. கீழ்க்கையின் முனையில் இருக்கும் இந்த இரப்பர் உருளைதான், நான் பார்த்தவரையில், மலைநாட்டுக் கார்களின் பெரும்பாலான தள்ளாட்டத்துக்குக் காரணம். தலவாக்கலைப் பக்கத்துக் கராஜ் ஒன்றில், இறக்கத்தில் பிரேக் பிடித்தால் இடப்பக்கம் இழுக்கிறது என்று ஒரு கார் வந்து நின்றது. உரிமையாளர் இறுகிய ஸ்பிரிங் போடும் யோசனையில் வந்திருந்தார். பாஸ் காரை ஜக்கில் தூக்கி, கீழ்க்கைக்கும் சட்டத்துக்கும் நடுவே நெம்புகோலைக் கொடுத்து ஒரு தட்டுத் தட்டினார். கை முன்னும் பின்னும் விரல் தடிப்புக்கு நகர்ந்தது. இரப்பர் உள்ளிரும்பைச் சுற்றி வட்டமாகக் கிழிந்து, வெடிப்புக்குள் சிவப்புச் சேறு காய்ந்துபோய் இருந்தது.

"ஸ்பிரிங் மாத்தணுமா பாஸ்?"

"ஸ்பிரிங்குக்கு ஒரு குறையும் இல்லை சேர். பிரேக் பிடிச்சா சில்லு பின்னால போகுது, இந்தா பாருங்க. இது ஆடுறவரைக்கும் எதைப் போட்டாலும் காசு தண்ணியிலதான்."

அவர் சொன்னதில்தான் விஷயம் முழுக்க இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது கை பின்னால் நகர்ந்தால் சில்லின் திசை மாறுகிறது. சமதரையில் அது சின்ன இழுப்பு. இறக்கத்தில் முன்சில்லுகளின் மேல் பாரம் குவியும்போது, அதுவும் வளைவுக்குள் நுழையும் நேரத்தில், அது கார் போகும் வழியையே மாற்றிவிடும். புஷ், போல் ஜொயின்ட், ஸ்டெபிலைசர் லிங்க், ஸ்ட்ரட்டின் தலையில் உள்ள மவுண்ட் எல்லாம் புதிதாக இருக்கும் கார், பல வருடம் ஓடிய பிறகும் புதுக் கார் போலவே திரும்பும். இரப்பருக்குப் பதில் கடினமான பொலியூரித்தேன் புஷ் போடலாமா என்று கேட்கிறார்கள். ஸ்டெபிலைசர் பாருக்குப் போடலாம், நன்றாக உழைக்கும். கீழ்க்கையின் பின்புஷ்ஷுக்கு நான் போடச் சொல்லமாட்டேன். அது பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்வதற்கென்றே மெதுவாகச் செய்யப்பட்டது. அதை இறுக்கினால் அந்த அடி நேரே சட்டத்துக்குப் போகும்.

இரு பக்கச் சில்லுகளையும் இணைத்துச் சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பார் பற்றி ஒரு வார்த்தை. உயரமும் ஒடுக்கமுமான வேகன் ஆர் போன்ற கார்கள் வளைவில் அதிகம் சாய்கின்றன. ஜப்பானின் சிறுகார் விதிப்படி அவற்றின் அகலம் 1.48 மீற்றருக்கு மேல் போகக் கூடாது. உயரத்துக்கோ அவ்வளவு நெருக்கடி இல்லை. பின்பக்கம் தடித்த பார் போட்டால் சாய்வு குறைந்து முன்பக்கம் நன்றாகத் திரும்புவது உண்மை. காய்ந்த நல்ல வீதியில் அது இன்பமாக இருக்கும். ஆனால் வளைவில் மாறும் மொத்தப் பாரம் குறைவதில்லை. முன்னே தாங்கியதில் ஒரு பங்கைப் பின்னே தள்ளுகிறோம், அவ்வளவுதான். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் வட்டவளையில், பாசி படிந்த நிழல் வளைவில், முதலில் பிடி விடுவது பின்சில்லாக மாறிவிடும். முன்சில்லு வழுக்கினால் சாதாரண சாரதி காலை எடுத்துச் சமாளிப்பார். பின்சில்லு வழுக்கினால் சமாளிப்பவர் குறைவு. ஒரு பக்கச் சில்லு பள்ளத்தில் விழுந்தால் தடித்த பார் மறுபக்கச் சில்லையும் இழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டயரை எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். எல்லோருக்கும் தெரியும் என்று எல்லோரும் நினைப்பதால் கடைசியில் சொல்கிறேன். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. பூ நன்றாக இருந்தாலும் வயதான இரப்பர் கல்லாகிவிடும். ஈரத்தில் அதன் வித்தியாசம் பயங்கரமானது. காற்றழுத்தத்தில் மலைக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. கொழும்பில் 30 பாகை வெப்பத்தில் 32 பீ.எஸ்.ஐ. அடித்துக்கொண்டு நுவரெலியாவுக்கு வந்தால், அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் அளவி கிட்டத்தட்ட 3 கூட்டிக் காட்டும். விடியற்காலைக் குளிர் 12 பாகை என்றால் டயருக்குள் காற்று சுருங்கி ஏறத்தாழ அதே 3 குறையும். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. எனவே மலைக்கு வந்ததும் காற்றை இறக்குவது தேவையில்லாத வேலை. குளிர்ந்த டயரில், காலையில், கம்பனி சொன்ன அளவு இருந்தால் போதும். முழுப் பாரம் ஏற்றும் நாளில் அதற்கென்று கதவோரத்தில் ஒட்டியிருக்கும் கூடிய அளவு.

கார் வைத்திருப்பவர்கள் மலையகத்தில் சிறுபான்மை. தோட்டத்து மக்கள் ஏறுவது முச்சக்கர வண்டியிலும் வானிலும் பஸ்ஸிலும், சில இடங்களில் இன்னும் டிரெக்டர் டிரெய்லரிலும். சஸ்பென்ஷன் கேள்வியின் கனமான பகுதி அங்கேதான் இருக்கிறது. முச்சக்கர வண்டிக்கு முன்னே ஒற்றைச் சில்லு. ஒற்றைச் சில்லால் சாய்வைத் தடுக்க முடியாது. முழுச் சாய்வையும் பின்சில்லு இரண்டுமே தாங்க வேண்டும். இறக்கத்தில், வளைவில், பிரேக் பிடித்தால் பாரம் முன்னே, தாங்க முடியாத அந்த ஒற்றைச் சில்லின் பக்கம் நகர்கிறது. வண்டி கவிழ்வது அப்படித்தான். காருக்குக் கெட்ட பின்ஷொக் ஓர் அசௌகரியம். முச்சக்கர வண்டிக்கு நல்ல பின்ஷொக்தான் கடைசிப் பாதுகாப்பு. மூன்று பேருக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் ஓட்டுநர்கள் இதை ஒரு தடவையாவது உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

வானிலும் கொழுந்து லொறியிலும் பட்டை கூட்டுவது வழக்கம். ஒரு பட்டை கூட்டினால் பாரத்தோடு உயரம் சரியாக நிற்கும். பாரம் இறக்கித் திரும்பும்போது அதே பட்டை பின்சில்லைத் துள்ள வைக்கும். துள்ளும் சில்லில் பிரேக் பிடித்தால் அது பூட்டிக்கொள்ளும். பாரம் ஏறிய பின்தான் தொடும்படி தனியாக வைக்கும் உதவிப் பட்டை நல்ல தீர்வு. பல லொறிகளில் அந்த அமைப்பு ஏற்கெனவே உண்டு. தேய்ந்த பட்டையை மாற்றாமல் மேலே ஒன்றைச் செருகுவதுதான் கோளாறு. டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்பிரிங்கே கிடையாது. அவை பசளை மூட்டைக்குச் செய்யப்பட்டவை. கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் பெண்களை அதில் ஏற்றுவது எந்த மேம்பாட்டாலும் சரியாகாது, நிறுத்த வேண்டியது.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல இறக்கத்தில் பாடசாலைச் சுற்றுலாப் பஸ் ஒன்று வானோடும் முச்சக்கர வண்டியோடும் மோதி 7 பேர் இறந்தார்கள். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டி எல்லயில் கதிர்காமத்திலிருந்து குருணாகல் போன இலங்கை போக்குவரத்துச் சபை பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் மாண்டார்கள். இப்படிப்பட்ட விபத்துகளுக்கு ஸ்பிரிங்கையோ ஷொக்கையோ காரணம் காட்ட நான் வரவில்லை. இத்தகைய நாட்களுக்குப் பிறகு பிரேக்கைப் பற்றி, சாரதியின் தூக்கத்தைப் பற்றி, தடுப்புச் சுவரைப் பற்றிப் பேசுகிறோம். எல்லாம் பேச வேண்டியவைதான். துள்ளும் சில்லில் பிரேக் பிடிக்காது என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

வீதிக்கு வருகிறேன். தோட்ட வீதிகள் பல மாட்டுவண்டிக் காலத்தில் வெட்டப்பட்டவை. மழைநீர் வழிய நடுவில் மேடு, இரு ஓரமும் தாழ்வு. வளைவில் வெளிப்பக்கமாகப் போகும் வாகனத்துக்கு வீதியே வெளியே சரிந்திருக்கும். தள்ளும் விசைக்கு வீதி துணைபோகிறது. வளைவின் வெளிப்பக்கத்தை உயர்த்திக் கட்டினால், சந்தையில் கிடைக்கும் எந்த ஸ்டெபிலைசர் பாரையும்விட அது பெரிய மேம்பாடு. ஏன் நடக்கவில்லை? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு, கம்பனி கொழுந்து லொறி போகுமளவுக்கு மட்டும் வீதியைப் பார்த்தது; பல இடங்களில் அதையும் பார்க்கவில்லை. வரி கட்டி, வாக்குப் போட்ட மக்களின் வீதிக்குச் சபையிடம் பணம் கேட்கச் சட்டமே இடம் கொடுக்கவில்லை. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. இனிப் பிரதேச சபை உறுப்பினரிடம் கேட்கலாம், கேட்க வேண்டும். தார் போடுங்கள் என்று மட்டும் கேட்டால் போதாது. கான் எங்கே வெட்டுவது, வளைவு எந்தப் பக்கம் உயர வேண்டும் என்பதையும் கேட்க வேண்டும். சரிவு தப்பிப் போட்ட புதுத் தார், பழைய பள்ளத்தைவிட வேகமாகக் கொல்லும்.

பரிசோதனை பாக்கி இருக்கிறது. 2008இலிருந்து வருடந்தோறும் புகைப் பரிசோதனை செய்துதான் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கிறோம். கார் விடும் புகையை அளக்கிறோம். அதன் புஷ் கிழிந்திருக்கிறதா, ஷொக் ஒழுகுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் உண்டு. கண்ணால் பார்த்து, கையால் அசைத்துக் கொடுப்பதுதான் அதில் அதிகம். ஐரோப்பாவில் அதிரும் தட்டு ஒன்றின் மேல் சில்லை நிறுத்தி, அதை ஆட்டி, டயர் தட்டை எவ்வளவு அழுத்தமாகப் பிடித்திருக்கிறது என்று அளக்கிறார்கள். சில்லின் அந்த வேகமான துள்ளல், கையால் அழுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதது, அதில் தெரிந்துவிடும். ஓர் ஆள் சில நிமிடங்களில் செய்யக்கூடிய சோதனை. மாவட்டத்துக்கு ஒன்று வருவதாக இருந்தால் நுவரெலியா மாவட்டத்துக்கு முதலில் வர வேண்டும். வந்ததும் முதலில் அதில் ஏற வேண்டியவை பயணிகள் பஸ்களும் பாடசாலை வான்களும்தான். கார்கள் பிறகு வரிசையில் நிற்கட்டும்.